கடற்பாசியும் கன உலோகக் கழிவும்: பாதிக் கணக்கு போதுமா?

கடலில் விளையும் பாசியை உலர்த்திப் பொடித்துத் தொழிற்சாலைக் கழிவு நீரில் இட்டால், அந்நீரில் கரைந்துள்ள ஈயம், காட்மியம், செம்பு, நிக்கல் போன்ற கன உலோகங்களை அது பற்றிக்கொள்கிறது. பிறகு அப்பாசியை அமிலத்தில் கழுவினால் உலோகம் திரும்பக் கிடைக்கிறது. நீரும் தூய்மையாயிற்று, உலோகமும் கைக்கு வந்தது, பாசியோ இயற்கை தரும் பொருள். கேட்பதற்கு எவ்வளவு இனிய செய்தி!

இச்செய்தி புதியதன்று. கனடாவின் மாண்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் போஹுமில் வோலெஸ்கி என்பவரும் அவருடைய மாணவர்களும் 1980களிலிருந்தே இத்துறையில் உழைத்தனர். கன உலோகங்களை உயிர்ப்பொருள்கள் பற்றிக்கொள்வது குறித்து அவர் தொகுத்த நூல் 1990இல் வெளிவந்தது. அதன் பிறகு உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன. நம் நாட்டுக் கல்லூரிகளிலும் பட்ட மேற்படிப்பு மாணவர்கள் பலர் இப்பொருளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் கடற்பாசியைக் கொண்டு அன்றாடம் இயங்கும் பெரிய சுத்திகரிப்பு நிலையம் எங்கே என்று தேடினால், கண்ணில் படுவது அரிது.

இத்தனை கட்டுரைகளுக்கும் இத்தனை சிறிய பயனுக்கும் இடையே உள்ள இடைவெளி எதனால் வந்தது? பாசி பொய் சொல்லவில்லை. நாம் அதனிடம் கேட்ட கேள்விகளே அரைகுறையானவை. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

உலோகம் அழிவதில்லை

முதலில் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். சாக்கடை நீரிலுள்ள சர்க்கரை, புரதம் போன்ற கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடும். காட்மியத்தை அவ்வாறு மாற்ற முடியாது. அது ஒரு தனிமம். எந்த உயிரும், எந்த வேதிவினையும் அதனை வேறொன்றாக ஆக்கிவிட முடியாது. ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கு அதனை நகர்த்தலாம், அவ்வளவே.

இதனை மறந்ததால் வந்த கேட்டினை ஜப்பான் நாட்டு வரலாறு நமக்குக் காட்டுகிறது. மினமாட்டாக் குடாவில் தொழிற்சாலை கொட்டிய பாதரசம் மீன்களின் வழியாக மக்களைத் தாக்கியது. அந்நோய் 1956இல் அதிகார பூர்வமாகக் கண்டறியப்பட்டது. ஜின்சு ஆற்றங்கரை உழவர்களின் எலும்புகளை நொறுக்கிய 'இட்டாய் இட்டாய்' நோய்க்குச் சுரங்கத்திலிருந்து வந்த காட்மியமே காரணமென்று அந்நாட்டு அரசு 1968இல் ஒப்புக்கொண்டது. நம் இராணிப்பேட்டையில், 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மேட்டிலிருந்து குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கியது. ஆலை மூடப்பட்டது, ஆனால் உலோகம் மூடப்படவில்லை.

ஆகவே, கன உலோகத்தைப் பற்றிய எந்தச் சுத்திகரிப்பு முறையையும், 'நீரிலிருந்து போய்விட்டதா?' என்பதோடு விடாமல், 'போனது எங்கே?' என்றும் கேட்டே மதிப்பிட வேண்டும்.

பாசி பற்றும் விதம்

கடற்பாசிகளைப் பச்சை, சிவப்பு, பழுப்பு என மூவகையாகப் பிரிப்பர். உலோகம் பற்றுவதில் சிறந்தவை பழுப்புப் பாசிகள். மன்னார் வளைகுடாக் கரையில் 'கட்டக்கோரை' என்று வழங்கும் சர்காசமும், 'பக்கோடாப் பாசி' என்று வழங்கும் டர்பினேரியாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றின் செல் சுவரில் ஆல்ஜினேட் என்ற பொருள் நிறைந்துள்ளது. 1881இல் ஸ்டான்ஃபோர்டு என்ற வேதியியலார் பாசியிலிருந்து பிரித்தெடுத்த இப்பொருளே இன்று ஐஸ்கிரீமுக்கும் துணி அச்சுக்கும் பயன்படுகிறது.

ஆல்ஜினேட் ஒரு நீண்ட சங்கிலி. அதன் கண்ணிதோறும் ஒரு கார்பாக்சில் தொகுதி உண்டு. அது எதிர் மின்னேற்றம் உடையது. கடலில் இருக்கும்போது கால்சியம், மக்னீசியம், சோடியம் போன்ற நேர் அயனிகள் அவ்விடங்களில் அமர்ந்திருக்கின்றன. ஈயமோ காட்மியமோ கலந்த நீரில் பாசியை இட்டால், அவை கால்சியத்தை எழுப்பிவிட்டு அதன் இருக்கையில் அமர்கின்றன. இதற்கு அயனிப் பரிமாற்றம் என்று பெயர். பாசி உயிரோடு இருக்க வேண்டியதில்லை, உலர்ந்த பொடியே போதும். அதாவது பாசி உலோகத்தை 'உண்பதில்லை', இடம் மட்டுமே தருகிறது.

இதனைப் பள்ளிச் சோதனைச் சாலையிலேயே காணலாம். நன்கு கழுவி உலர்த்திய பழுப்புப் பாசியை நீர்த்த மயில்துத்தக் கரைசலில் தாராளமாக இட்டுக் கலக்கினால், கரைசலின் நீலம் மங்கும். அறிவியல் கண்காட்சியில் கைதட்டல் பெறத்தக்க காட்சி! ஆனால் பாசியை வடிகட்டியெடுத்து நீர்த்த அமிலத்தில் நனைத்தால், செம்பு மீண்டும் கரைசலில் வந்து சேரும். அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் இப்போது செம்பினை எழுப்பிவிட்டன. செம்பு போகவில்லை, இடம் மாறியிருந்தது. பெரும்பாலான ஆய்வுகள் கைதட்டலோடு நின்றுவிடுகின்றன. தொழிற்சாலைக்கு வேண்டியதோ அதற்குப் பிந்திய பாதி.

எண்கள் காட்டும் மயக்கம்

'இப்பாசி ஒரு கிராமுக்கு 200 மில்லிகிராம் ஈயத்தைப் பற்றியது, நிக்கலை 55 மில்லிகிராமே பற்றியது' என்று ஒரு கட்டுரை கூறுவதாகக் கொள்வோம். ஈயத்தில் நான்கு மடங்கு திறமை என்று தோன்றும். ஆனால் ஈயத்தின் அணு எடை 207, நிக்கலுடையது 59. எண்ணிக்கையில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இருக்கைகளைத்தான் பிடித்துள்ளன. ஒரே பேருந்தில் ஐம்பது பயில்வான்களும் ஐம்பது சிறுவர்களும் தனித்தனியே பயணம் செய்தால், எடையை வைத்துப் பேருந்தின் அளவு மாறிவிட்டது என்போமா? உலோகங்களை ஒப்பிடும்போது எடையால் அன்றி அயனிகளின் எண்ணிக்கையால் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது சதவீதம். '90 சதவீத ஈயம் நீக்கப்பட்டது' என்ற வரி கட்டுரைகளில் அடிக்கடி காணப்படும். தொடக்கத்தில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் இருந்திருந்தால், 90 சதவீதம் நீங்கிய பின்னும் 10 மில்லிகிராம் எஞ்சும். நம் நாட்டுச் சுற்றுச்சூழல் விதிகளின்படி ஆறு, ஏரிகளில் விடப்படும் கழிவு நீரில் ஈயம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது. எஞ்சியது அதைப்போல் நூறு மடங்கு! தேர்வில் 90 மதிப்பெண் பெருமையாக இருக்கலாம், கிணற்று நீரில் அது போதாது.

மூன்றாவது மயக்கம் நுட்பமானது. வோலெஸ்கியின் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற ஆய்வில், வட அட்லாண்டிக் கரைகளில் வளரும் அஸ்கோஃபில்லம் என்ற பழுப்புப் பாசி ஒரு கிராமுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் காட்மியத்தைப் பற்றியதாகக் கண்டனர். ஒரு வணிக அயனிப் பரிமாற்றப் பிசினையும் அது விஞ்சியது. சிறந்த முடிவுதான். ஆனால் அந்த அளவு, பாசியைச் சூழ்ந்த நீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் காட்மியம் எஞ்சி நிற்கும் நிலையில் பெறப்பட்டது. ஆய்வாளர்கள் அந்த நிபந்தனையை ஒளிக்காமல் கூறியிருந்தனர். பின்னர் அதனை எடுத்தாண்ட பலரோ பெரிய எண்ணை மட்டும் எழுதி, நிபந்தனையை விட்டுவிட்டனர். சூழ்ந்துள்ள நீரில் உலோகம் குறையக் குறையப் பாசி பற்றும் அளவும் குறையும். நீரைச் சட்ட வரம்பிற்குக் கொண்டுவரும்போது பாசி எவ்வளவு பற்றும் என்பதே நமக்கு வேண்டிய எண். அதுவோ பல கட்டுரைகளில் காணப்படுவதில்லை.

வாலை வடிநீரும் உண்மைக் கழிவு நீரும்

சோதனைச் சாலையில் வாலையில் வடித்த தூய நீரில் ஒரே ஓர் உலோக உப்பினைக் கரைத்துப் பாசியை இடுகின்றனர். உலகில் எந்தத் தொழிற்சாலையும் அத்தகைய கழிவை வெளியேற்றுவதில்லை.

ஒரு சிறு கணக்கு: கழிவு நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் காட்மியம் உள்ளது, அதே நீரில் கடினத் தன்மைக்குக் காரணமான கால்சியம் 100 மில்லிகிராம் உள்ளது. நம் ஊர்க் கிணற்று நீரைப் பயன்படுத்தும் பட்டறையில் இது வியப்பன்று. காட்மியத்தின் அணு எடை 112, கால்சியத்தின் அணு எடை 40. ஆகவே ஒவ்வொரு காட்மியம் அயனியைச் சுற்றியும் 28 கால்சியம் அயனிகள் நிற்கின்றன! காட்மியத்தைப் பாசி அதிகம் விரும்புவது உண்மையே. ஆயினும் 28 பேர் நெருக்கும்போது அந்த விருப்பம் எவ்வளவு செல்லும்? இதனைக் கடின நீரில் அளந்து பார்த்தாலன்றிச் சொல்ல இயலாது.

மின்முலாம் பூசும் தொட்டிகளிலிருந்து வரும் நீரில் இன்னொரு தடை உண்டு. சயனைடு சேர்த்த தொட்டியில் காட்மியம் தனித்து நேர் அயனியாக இராது, சயனைடுடன் கூடி எதிர் மின்னேற்றம் பெற்றிருக்கும். பாசியின் இருக்கைகளும் எதிர் மின்னேற்றம் உடையவை. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். சயனைடை முதலில் அழித்தாக வேண்டும்.

குரோமியத்தின் கதையோ ஒரு பாடமாகவே அமைந்துவிட்டது. ஆறு இணைதிறன் கொண்ட நச்சுக் குரோமியம் நீரில் குரோமேட் என்னும் எதிர் அயனியாக இருக்கும். அதனைப் பாசி 'பற்றிக்கொண்டது' என்று பலர் எழுதினர். தென் கொரிய ஆய்வாளர்கள் 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் எக்லோனியா என்ற பழுப்புப் பாசியைக் கொண்டு நுணுகி ஆராய்ந்தபோது வேறொன்று தெரியவந்தது. அமிலம் மிகுந்த நீரில் பாசியின் கரிமப் பொருள் அக்குரோமியத்தை மூன்று இணைதிறன் கொண்டதாக ஒடுக்கிவிடுகிறது. அவ்வாறு மாறியதில் ஒரு பகுதி நீரிலேயே கரைந்து நிற்கிறது. நச்சு குறைந்தது நன்மைதான். ஆனால் ஆறு இணைதிறன் குரோமியத்தை மட்டும் அளந்துவிட்டு, 'குரோமியம் முழுவதும் நீங்கிற்று' என்று எழுதினால் அது பிழை. மொத்தக் குரோமியத்தையும் அளந்திருந்தால் அது அன்றே புலப்பட்டிருக்கும்.

மீட்பு என்னும் மறுபாதி

இனி மீட்புக்கு வருவோம். நிக்கல் முலாம் பூசும் ஒரு பட்டறை நாளொன்றுக்கு 10,000 லிட்டர் அலசு நீரை வெளியேற்றுகிறது. அதில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நிக்கல் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 500 கிராம் நிக்கல். நடைமுறையில் ஒரு கிராம் பாசி 30 மில்லிகிராம் நிக்கலைப் பற்றுமானால், நாள்தோறும் ஏறக்குறைய 17 கிலோ உலர் பாசி வேண்டும். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 5 டன். ஒருமுறை பயன்படுத்தி எறிந்தால், ஆண்டுதோறும் 5 டன் நச்சுக் குப்பை சேரும். இதனைப் புதைத்தால் மழையில் கசியும். காட்மியம் ஏறிய பாசியை எரிப்பது இன்னும் கேடு. காட்மியம் 767 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடுமாதலால், அது புகைபோக்கி வழியே ஊரின்மேல் பரவக்கூடும்.

ஆகவே பாசியை அமிலத்தில் கழுவி மீண்டும் பயன்படுத்தியாக வேண்டும். ஒரு கிலோ பாசிக்கு 10 லிட்டர் அமிலக் கரைசல் என்று கொண்டால், 170 லிட்டரில் அந்த 500 கிராம் நிக்கலும் வந்து சேரும். லிட்டருக்கு 50 மில்லிகிராமாக இருந்தது ஏறக்குறைய 3 கிராமாகச் செறிந்துவிட்டது. இதுதான் பாசி முறையின் உண்மையான வெற்றி! அச்செறிந்த கரைசலிலிருந்து மின்னாற்பகுப்பின் மூலம் நிக்கலைப் பெறலாம். கழுவியது கந்தக அமிலமாயின், கரைசலைத் தூய்மைப்படுத்தி முலாம் தொட்டிக்கே திருப்பவும் கூடும்.

ஆனால் ஒவ்வொரு கழுவலிலும் பாசி சிறிது கரைகிறது. பழுப்பு நிறமும் கரிமப் பொருள்களும் நீரில் இறங்கி, அந்நீருக்குத் தனியே ஒரு சுத்திகரிப்பு வேண்டியதாகிறது. பாசியைக் கெட்டிப்படுத்த ஃபார்மால்டிஹைடு போன்ற பொருள்களைச் சேர்ப்பர். அப்போது 'இயற்கைப் பொருள், மலிவுப் பொருள்' என்ற இரு பெருமைகளும் குறைந்துவிடுகின்றன. விலை கூடிய செயற்கைப் பிசின் பல நூறு முறை கழுவினாலும் தாங்கும். பாசி எத்தனை முறை தாங்கும்? ஐந்து கழுவலோடு நிறுத்திவிட்டு 'மீண்டும் பயன்படுத்தலாம்' என்று முடிக்கும் கட்டுரை, தொழிலதிபருக்கு எந்தத் துணிவையும் தருவதில்லை.

மேலும், மீட்ட நிக்கலுக்குச் சந்தையில் விலை உண்டு. மீட்ட காட்மியத்தையும் ஈயத்தையும் வாங்க யார் வரிசையில் நிற்கிறார்கள்? அவற்றை மீட்கத் தூண்டுவது சட்டமேயன்றி இலாபம் அன்று. 'கழிவிலிருந்து செல்வம்' என்று எல்லா உலோகத்திற்கும் பொதுவாகப் பேசுவது பொருந்தாது.

முயன்றவர்கள் கண்டது

எவரும் முயலவில்லை என்பதும் சரியன்று. குளோரெல்லா என்ற நுண்பாசியைச் சிலிக்காக் களியில் பதித்து 'ஆல்காசார்ப்' என்ற பெயரில் ஓர் அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பாதரசம் கலந்த நிலத்தடி நீரில் அது சோதிக்கப்பட்டது. அமெரிக்கச் சுரங்கப் பணியகம் உயிர்ப்பொருள்களைப் பிளாஸ்டிக் மணிகளில் அடைத்து 'பயோ-ஃபிக்ஸ்' என்ற பெயரில் சுரங்க நீரில் பயன்படுத்திப் பார்த்தது. சோதனைகள் நம்பிக்கை தந்தன, ஆனால் எங்கும் பரவவில்லை. ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி காட் 2009இல் எழுதிய விரிவான மதிப்பீட்டில், கட்டுரைகள் பெருகிய அளவுக்குத் தொழிற்பயன் பெருகவில்லை என்பதை வெளிப்படையாகவே எடுத்துக்காட்டினார். புதிது புதிதாக ஒரு பாசி, புதிதாக ஓர் உலோகம் என்று பட்டியலை நீட்டுவதால் அறிவு வளர்ந்துவிடாது என்பதே அதன் சாரம்.

பாசி யாருடைய குப்பை?

'கரையில் வீணாகும் பாசி' என்ற சொற்றொடரையும் சற்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பெண்கள் பலர் கடலில் மூழ்கிப் பாசி எடுத்தே பிழைக்கின்றனர். அவர்கள் எடுக்கும் கட்டக்கோரை ஆல்ஜினேட் ஆலைகளுக்குச் செல்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுப் பகுதி 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது முதல், அங்கே சென்று எடுப்பதற்குக் கட்டுப்பாடுகளும் உள்ளன. அது மீன் குஞ்சுகள் ஒதுங்கும் இடமும் ஆகும். ஆகவே அது குப்பையும் அன்று, அளவற்றதும் அன்று. ஆல்ஜினேட் எடுத்தபின் எஞ்சும் சக்கையைப் பயன்படுத்தலாமே என்றால், உலோகம் பற்றும் இருக்கைகளில் பெரும்பகுதி ஆல்ஜினேட்டோடு போய்விட்டது!

கரிபியன் கரைகளில் 2011 முதல் மலைபோல் ஒதுங்கும் சர்காசம் உண்மையிலேயே தொல்லை தரும் பொருள்தான். அதனைப் பயன்படுத்த முனைவது நியாயமே. ஆனால் அப்பாசியில் இயற்கையாகவே ஆர்செனிக் மிகுதியாக உள்ளது. நீரைத் தூய்மைப்படுத்த இடும் பொருளிலிருந்து அது எவ்வளவு இறங்கும் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

நமக்கு வேண்டியது

இவ்வளவும் கூறியதால் பாசி முறை பயனற்றது என்று முடிவு செய்துவிடக் கூடாது. சுண்ணாம்பிட்டு உலோகத்தைக் கசடாகப் படியவைக்கும் பழைய முறை, உலோகம் மிகுந்த நீருக்கு ஏற்றது. அதன் பிறகும் எஞ்சும் சில மில்லிகிராமை நீக்குவதில் அது தடுமாறுகிறது. அந்தக் கடைசிக் கட்டமே பாசிக்கு உரிய இடம். அதிலும் ஒரே உலோகம் உள்ள, பிறவற்றோடு கலக்காத அலசு நீருக்கு அது மிகவும் பொருந்தும்.

கலக்காமை என்பதே இங்கு உயிர்நாடி. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய குரோமியம் மீட்பு முறையை நோக்குக. தோல் பதனிட்ட குரோமியக் கரைசலைப் பிற கழிவுகளோடு சேரவிடாமல் தனியே பிடிக்கின்றனர். அதில் லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் குரோமியம் உண்டு. மக்னீசியம் ஆக்சைடு இட்டு அதனைப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, மீண்டும் தோல் பதனிடவே பயன்படுத்துகின்றனர். இதில் புதுமையான பொருள் எதுவுமில்லை. ஆனால் உலோகம் எங்கே போகிறது என்ற கணக்கு முழுமையாக இருக்கிறது. எல்லாக் கழிவையும் ஒரே வாய்க்காலில் கலந்துவிட்டு, கடைசியில் பாசி வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பதற்கு அறிவியல் துணை நிற்காது.

இத்துறைக் கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள், அதன் முடிவுரைக்குச் செல்லுமுன் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். நீர் எங்கிருந்து வந்தது, வாலையிலிருந்தா தொழிற்சாலையிலிருந்தா? நீக்கியது எவ்வளவு என்பதோடு எஞ்சியது எவ்வளவு என்றும் சொல்லப்பட்டுள்ளதா? கால்சியம் முதலிய பிற அயனிகள் இருக்கையில் பாசி எவ்வாறு நடந்துகொண்டது? எத்தனை முறை கழுவிய பின் அது பயனற்றுப் போயிற்று? இறுதியில் உலோகமும், அமிலமும், தேய்ந்த பாசியும் எங்கே சென்றன?

தாமே ஆராய விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கும் இங்கே நல்ல வேலை காத்திருக்கிறது. புதிதாக ஒரு பாசியைத் தேட வேண்டியதில்லை. தம் ஊர்க் கிணற்றின் கடின நீரில், நன்கு அறிந்த ஒரு பாசியை, பயன் தீரும் வரை திரும்பத் திரும்பக் கழுவிப் பார்த்து, உட்சென்ற உலோகமும் வெளிவந்த உலோகமும் சரியாகின்றனவா என்று எழுதட்டும். முடிவு பாசிக்குச் சாதகமாக இராவிட்டாலும் அதுவே வெளியிடத் தக்க ஆய்வு. வரவை மட்டும் எழுதும் கணக்கனை நாம் வேலையில் வைத்துக்கொள்வதில்லை. ஆற்றையும் கிணற்றையும் பற்றிய கணக்கில் மட்டும் ஏன் அதனை ஏற்க வேண்டும்?